பெட்டூனியா வைத்தும் பட்டாம்பூச்சி வரவில்லை: நகரத்தில் இது நடக்கிற காரியமா?

18-06-2023 (இழையைத் தொடங்கிய கேள்வி)

அண்ணா நகர், இரண்டாம் மாடி. பால்கனியில் பெட்டூனியா, ஜெரேனியம், அடுக்குச் சாமந்தி என்று 2,400 ரூபாய்க்குச் செடி வாங்கி வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு பட்டாம்பூச்சி எட்டிப் பார்க்கவில்லை. வருவதெல்லாம் புறா. நகரத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம் என்பது செடி விற்கிறவர்கள் கட்டிவிட்ட கதை என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

18-06-2023, இரவு

மறுக்கிறேன். நங்கநல்லூரில் பன்னிரண்டு வீடு உள்ள அடுக்ககம் எங்களுடையது. கீழே மதில் ஓரமாக மூன்றடி அகலத்துக்கு மண், மொட்டை மாடியில் பதினான்கு தொட்டி. 2019-இலிருந்து இதுவரை 31 வகைப் பட்டாம்பூச்சிகளை நோட்டில் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்பது வகை இங்கேயே முட்டையிலிருந்து வளர்ந்து பறந்தவை.

பட்டாம்பூச்சி என்றால் பூ என்று பள்ளிக்கூடத்துப் படங்கள் நம் மண்டையில் ஏற்றிவிட்டன. வெயில் ஏறியதும் பெண் பூச்சி அலைவதைக் கவனித்துப் பாருங்கள், அது இலைக்கு இலை தாவிக்கொண்டிருக்கும். முன்னங்காலால் தட்டி ருசி பார்க்கும். தன் புழு தின்கிற செடி இதுதான் என்று தெரிந்தால் மட்டுமே முட்டை வைக்கும். எலுமிச்சை அழகி என்கிற பட்டாம்பூச்சிக்கு எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை. வெந்தய வரியனுக்கு எருக்கு. கொன்னை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை. உங்கள் பெட்டூனியாவில் முட்டை வைத்த பட்டாம்பூச்சி எதையும் நான் பார்த்ததில்லை. 60 ரூபாய்க்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வெயில் படுகிற மூலையில் வையுங்கள். புழு வந்தால் தின்ன விடுங்கள். அவ்வளவுதான். பூவெல்லாம் நம் கண்ணுக்குத்தான்.

19-06-2023

கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். பூவும் வேண்டும். ராத்திரி வேகத்தில் எழுதிவிட்டேன்.

ஆனால் எந்தப் பூ என்பதில் விஷயம் இருக்கிறது. அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள் இருக்க வேண்டிய இடத்தையும் இதழ்களே பிடித்துக்கொள்கின்றன. தேன் இருந்தாலும் உறிஞ்சுகுழல் போய்ச் சேர வழி கிடைப்பதில்லை. எங்கள் மாடியில் கூட்டம் கூடுவது மூன்றில். ஒன்று சிவப்பு இட்லிப்பூ, அதாவது வெட்சி. அழகி வகைகள் இதை விட்டு நகர்வதில்லை. இரண்டாவது சீமை நாயுருவி, நீலப் பூ, யாரும் காசு கொடுத்து வாங்காத செடி. மூன்றாவது நித்தியகல்யாணி. மூன்றும் வாடவே மாட்டேன் என்கிற சாதி. நானே நாலு நாள் வெளியூர் போய் மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்த மூன்று மாதம் ஏப்ரல், மே, ஜூன். சென்னையில் பட்டாம்பூச்சிக்கு அதைவிட வறண்ட காலம் கிடையாது. மழை பெய்து ஓயட்டும், அப்புறம் பேசுவோம்.

02-07-2023

கேள்வி கேட்டவர் சொன்னபடி கன்று வாங்கியிருக்கிறார். பத்தே நாளில் முட்டையும் வந்திருக்கிறது (பார்த்தீர்களா!). ஆனால் பொரித்த மூன்று புழுவும் கறுத்துச் சுருண்டு செத்துவிட்டன என்கிறார்.

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 2019-இல் எனக்கும் இதுவே நடந்தது. ஒரு நர்சரியில் எலுமிச்சைக் கன்று வாங்கினேன். பேர் வேண்டாம். இலை பளபளவென்று ஒரு ஓட்டை இல்லாமல் இருந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வேர் வழியாக ஏறி இலை முழுக்கப் பரவுகிற மருந்துகள் உண்டு. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது. ஏழு புழு ஒரே ராத்திரியில் போயிற்று.

இப்போது வாங்குகிற கன்றைத் தனியாக ஒரு மூலையில் கொசுவலைத் துணி போர்த்தி வைத்துவிடுகிறேன். நாலைந்து முறை துளிரைக் கிள்ளி எறிந்து, மூன்று மாதமாவது போன பிறகுதான் வலையை எடுப்பது. அதைவிட நல்ல வழி, கறிவேப்பிலைப் பழத்திலிருந்து கன்று எழுப்புவது. கறுத்த பழத்தின் சதையைப் பிதுக்கிக் கழுவி அன்றைக்கே ஊன்றிவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் போட்டு வைத்தால் முளைக்காது.

இன்னொன்று. வேப்பெண்ணெய் இயற்கைதானே, அடித்தால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். புழுவைக் கொல்லத்தானே ஐயா அது.

09-07-2023

வீட்டில் இன்று நடந்தது:

"ஏங்க, ரசத்துக்கு நாலு இலை வேணும், மாடியில இருக்கா?"

"பதினோரு புழு இருக்கு."

"இலையைக் கேட்டேன்."

பக்கத்துக் கடையில் பத்து ரூபாய்க் கொத்து வாங்கி வந்தேன். மாடியில் ஆறு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிற ஆள் நான்.

23-07-2023

புழுவைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரே ஒரு எலுமிச்சை அழகியை முட்டையிலிருந்து பின்தொடர்ந்து பாருங்கள், அருவருப்பு தானாகப் போய்விடும். எனக்குப் போயிற்று.

முட்டை கடுகைவிடச் சற்றுச் சிறியது, வெளிர்மஞ்சள், துளிரின் நுனியில் ஒற்றையாக இருக்கும். பொரித்து வருகிற புழு முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டைத் தின்கிறது. அப்புறம் பல நாள் அது காக்கை எச்சம் மாதிரியே இருக்கும். பழுப்பு, நடுவில் வெள்ளைத் தீற்றல், ஈரப் பளபளப்பு. என் மச்சினர் ஒரு தடவை துணியால் துடைக்கப் போனார். கடைசியாகத் தோலுரித்ததும் திடீரென்று பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு சிவப்புக் கொம்பு நீளும், அழுகிய நாரத்தை வாடை அடிக்கும். அது கடிக்காது, அரிக்காது. அந்த வாடைதான் அதன் மொத்த ஆயுதமும்.

பிறகு ஒருநாள் தின்பதை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பிக்கும். செடியை விட்டே இறங்கிவிடும். முதல் தடவை காணவில்லை என்று தொட்டி தொட்டியாகத் தேடினேன். தண்ணீர்த் தொட்டியின் குழாயில், செடியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, இடுப்பில் ஒற்றை நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. பச்சைக் குச்சியில் கட்டினால் கூடு பச்சை, காய்ந்த கட்டையில் கட்டினால் பழுப்பு. ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு வெளியே வந்தது. இறக்கை நனைந்த கைக்குட்டை மாதிரி தொங்கியது. இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்து, பழுப்பாக ஒரு சொட்டு விட்டுவிட்டுப் பறந்து போயிற்று. கீழ்வீட்டு மாமி அந்தச் சொட்டைப் பார்த்து ரத்தம் என்று பதறினார்.

24-07-2023

நோட்டைப் புரட்டினேன். ஐந்தாம் நாள் இல்லை, ஒன்பதாம் நாள். நினைவில் எல்லாமே வேகமாக நடந்துவிடுகிறது. முட்டை 3 நாள், புழு 15 நாள், கூடு 9 நாள். அது ஆகஸ்ட் மாதத்துக் கணக்கு.

13-08-2023

மாமி பேச்சு வந்ததால் சொல்கிறேன். எங்கள் அடுக்ககத்தில் என் மேல் புகார் போயிருக்கிறது. "மாடியில் கம்பளிப்பூச்சி வளர்க்கிறார்."

மாமியைக் குறை சொல்ல முடியாது. அவர் வளர்ந்த வீட்டில் முருங்கை மரம் இருந்தது. மழைக்குப் பின் அடிமரம் முழுக்க மொய்க்குமே, மயிர் மயிராக, பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகுமே, அதை அவர் அப்பா பந்தம் கொளுத்திப் பொசுக்குவாராம். அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. என் கறிவேப்பிலைப் புழுவுக்கு மயிரே கிடையாது. ஒன்றை என் கையில் ஏற்றிக்கொண்டு கீழே போய்க் காட்டினேன். "அத உள்ள எடுத்துண்டு வராதீங்கோ" என்று கதவைச் சாத்திவிட்டார். அறிவியல் விளக்கம் கதவோடு நின்றது.

புகாரைவிடப் பெரிய தலைவலி கொசுப்புகை. சாயங்காலம் வண்டி தெருவில் வரும்போது மதில் ஓரத்துச் செடிகள் அத்தனையும் வெள்ளைப் புகையில் மூழ்கிவிடும். டெங்குக்காக அடிக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. என் அண்ணன் மகளே டெங்குவில் படுத்தவள். தண்ணீர் தேங்குகிற டப்பாக்களை நாமே கவிழ்த்து வைத்தால் எங்கள் மதிலுக்குள் அடிக்க வேண்டிய அவசியம் இருக்காது என்று வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். புழு வளர்ப்பதெல்லாம் இப்போது மாடியில்தான்.

15-08-2023

நம் மாநிலப் பட்டாம்பூச்சியை வளர்க்கலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. 2019-இல் அறிவித்தார்களே, தமிழ் மறவன், அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்காரன். அதன் புழு தின்பது நீரடிமுத்து மரத்தை. நங்கநல்லூரில் தமிழ் மறவன் இல்லை, தமிழ் மாமிதான் உண்டு.

10-09-2023

கறிவேப்பிலையில் இரண்டு அழகிகள் முட்டை வைக்கும். எலுமிச்சை அழகி ஒன்று, கறிவேப்பிலை அழகி இன்னொன்று. இரண்டாவதில் ஒரு வேடிக்கை.

ஆண் எப்போதும் ஒரே மாதிரி: கறுப்பு, பின்னிறக்கையில் வெள்ளைப் பொட்டு வரிசை. பெண்ணுக்கு மூன்று வேஷம். ஒன்று ஆண் மாதிரியே. இன்னொன்று ரோஜா அழகி மாதிரி. மூன்றாவது சிவப்புடல் அழகி மாதிரி. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் புழுப் பருவத்தில் ஈஸ்வரமூலிக் கொடியைத் தின்று அதன் நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்பவை. ஒரு தடவை தின்று பார்த்த பறவை மறுதடவை தொடாது. அந்தப் பயத்தை ஓசியில் அனுபவிக்கிறாள் கறிவேப்பிலைக்காரி. இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1865-லேயே இந்த மூன்று பெண்களைப் பற்றி எழுதிவிட்டார். எப்படி ஒரே தாயின் வயிற்றில் மூன்று வேஷமும் பிறக்கிறது என்பதற்கு விடை 2014-இல்தான் வந்தது. பட்டாம்பூச்சி ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டேயும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்தது: பூச்சிகளில் ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிற டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணுதான் இந்த வேஷத்தையும் கட்டுகிறது.

ஐந்து வருஷமாகச் சிவப்புடல் அழகி என் மாடியில் வருகிறது என்று நோட்டில் எழுதி வந்தேன். இப்போது எத்தனை அசல், எத்தனை வேஷம் என்று தெரியவில்லை. உடம்பு சிவப்பாக இருந்தால் அசல், கறுப்பாக இருந்தால் போலி. பறக்கும்போது யார் உடம்பைப் பார்க்கிறார்கள்? 31 வகை என்று முதல் குறிப்பில் பெருமையடித்தேனே, இப்போதைக்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

22-10-2023

சேறு உறிஞ்சுதல். ஆண் பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உப்பும் தாதுவும் உறிஞ்சும், ஆற்றோரத்தில் பார்த்திருப்பீர்கள். வீட்டில் செய்ய ஒரு தட்டில் மண் நிரப்பி, நனைத்து, கொஞ்சம் உப்புப் போட்டு வை என்று எங்கேயோ படித்துவிட்டு நானும் வைத்தேன். கை தாராளம். மழையில் தட்டு வழிந்து பக்கத்துச் செம்பருத்தித் தொட்டிக்குள் போய், செம்பருத்தி செத்தது. வந்த பட்டாம்பூச்சி: பூஜ்யம். எறும்பு: கணக்கில்லை.

பலித்தது வாழைப்பழம். அழுகிக் கறுத்த பழத்தைச் சிரட்டையில் வைத்து மாமர நிழலில் தொங்கவிட்டேன். பூப்பக்கமே போகாத சில வகைகள் இருக்கின்றன, மாவிலையில் புழுவாக இருக்குமே அந்தப் பழுப்பு நிறக்காரர், பிறகு அந்தி மயங்கும்போது சருகுக்குள்ளிருந்து கிளம்புகிறவர். இவர்களெல்லாம் வந்து குழலை விட்டு உறிஞ்சிக்கொண்டு போதையில் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். விரலால் தொட்டாலும் நகரவில்லை. கூடவே குளவியும் வரும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் யோசித்துச் செய்யுங்கள்.

09-12-2023

எல்லோரும் பத்திரம்தானா? மிக்ஜாம் புயல் எங்கள் தெருவில் இடுப்பு வரை தண்ணீரை நிறுத்திவிட்டுப் போயிற்று. 4-ஆம் தேதி காலை கார் பார்க்கிங்கில் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. மாமியும் நாங்களும் ஒரே அடுப்பில் சமைத்தோம். மதிலோரத்துச் செடி எல்லாம் இரண்டு நாள் தண்ணீருக்குள் கிடந்தன. வில்வக் கன்று போயிற்று, சீமை நாயுருவி பிழைத்தது.

மதிலில் மூன்று கூட்டுப்புழு இருந்தன. கீழே இருந்த இரண்டும் கறுத்துவிட்டன. நாலரை அடி உயரத்தில் இருந்தது இன்று காலை வெளிவந்தது. தெரு முழுக்கச் சாக்கடை வாடை, பாழான மெத்தைகளை எல்லாரும் வெளியே போட்டிருக்கிறார்கள், அதற்கு மேலாக இது பறந்து போகிறது. மாமி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

14-01-2024

பொங்கலுக்கு ஊருக்குப் போகிற வழியில் தோன்றியது. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளியாக நட்டிருக்கிறார்கள் இல்லையா, மாடு தின்னாது, வெயிலுக்கு அஞ்சாது என்று. அரளி வெண்புள்ளிக் கருப்பனின் புழு தின்கிற செடி. அதன் கூட்டைப் பார்க்காதவர்கள் ஒரு தடவையாவது இலைக்கு அடியில் பாருங்கள், வெள்ளிப் பாத்திரம் மாதிரி மின்னும், முகம் தெரியும். ஆக, யாரும் திட்டமிடாமலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரு தொட்டில் போட்டு வைத்திருக்கிறோம். வளர்ந்து பறந்தால் லாரிக் கண்ணாடி. விக்கிரவாண்டி தாண்டி டீக்கடையில் நிறுத்தியபோது எங்கள் கார் முகப்பிலேயே இரண்டு ஒட்டியிருந்தன.

கோயில் நந்தவனமும் அப்படித்தான். வில்வம், எருக்கு, அரளி, சரக்கொன்றை. பூசைக்கு வைத்ததுதான், ஆனால் பட்டியலைப் பாருங்கள், பட்டாம்பூச்சிக்கென்று எழுதித் தரச் சொன்னால் நானும் இதைத்தான் எழுதுவேன். பள்ளிக்கூடச் சுவரோரம் நிற்கிற, எல்லோரும் அசோக மரம் என்று தப்பாகச் சொல்கிற நெட்டிலிங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நொடி நிற்காமல் பச்சைப் புள்ளியோடு பறக்குமே அந்த வால் வைத்த பூச்சி, அதன் புழு நெட்டிலிங்கத்தில்தான்.

ஸ்ரீரங்கம் பட்டாம்பூச்சிப் பூங்காவைப் பார்த்தீர்களா என்று கேட்டிருந்தார்கள். போனேன். 2015-இல் திறந்தது, 25 ஏக்கர், கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில். நன்றாக இருக்கிறது, ஆற்றுத் தண்ணீரும் காடும் பக்கத்தில் இருக்கிற இடத்தோடு என் பதினான்கு தொட்டியை ஒப்பிட எனக்குத் தெம்பில்லை.

25-02-2024

இதை எழுத இரண்டு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

எங்கள் மதிலுக்குப் பின்னால் ஒரு காலி மனை. ஒன்றரை கிரவுண்டு இருக்கும். வாரிசுத் தகராறில் பதினைந்து வருஷமாகக் கிடந்தது. எருக்கு ஆளுயரம், வேலி முழுக்கச் சிறுபூனைக்காலிக் கொடி, நடுவில் வெட்டுக்காயப்பூண்டு, கிலுகிலுப்பை, தரையோடு பருப்புக்கீரை, ஒரு மூலையில் ஆமணக்கு. குப்பையும் கொட்டுவார்கள். பாம்பு வருகிறது என்று நானே ஒரு தடவை மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜேசிபி வந்தது. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் தரை சிவப்பாகிவிட்டது.

நேற்றும் இன்றும் மாடியில் நின்று எண்ணினேன். போன பிப்ரவரியில் இதே வாரம் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது, ஐம்பது என்று நோட்டில் இருக்கிறது. நேற்று ஆறு. இன்று நாலு, நாலும் எலுமிச்சை அழகி. வெந்தய வரியன் ஒன்றுகூட இல்லை. செம்பழுப்பாகச் சோம்பலாகப் பறக்குமே, சிறுபூனைக்காலியில் வளர்கிறது, அதுவும் இல்லை.

ஆக, ஐந்து வருஷமாக என் தொட்டிகளுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த மனையில் குடியிருந்தவர்கள். என்னுடையது பஸ் நிலையத்து டீக்கடை. ஊர்க்காரர்கள் வந்து குடித்துவிட்டுப் போனார்கள், நான் அவர்களெல்லாம் என் கடைக்காகவே ஊரில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "மறுக்கிறேன்" என்று எவ்வளவு ஜம்பமாக முதல் குறிப்பை ஆரம்பித்திருக்கிறேன் பாருங்கள். இந்த இழையில் நான் கொடுத்த யோசனை எதுவும் தப்பில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன். ஆனால் பதினான்கு தொட்டிக்கு 31 வகை வந்தது என்று சொன்னது பொய்க்கணக்கு. மனையையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

26-02-2024

அப்படியென்றால் தொட்டியே வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும். அந்த நாலு எலுமிச்சை அழகி எங்கேயிருந்து வந்தது? கறிவேப்பிலையை நம்புகிற வகைகளுக்கு என் மாடி போதும். வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை இருக்கிற ஊரில் அதற்குக் குறைவே வராது. மற்றவற்றுக்கு மண் வேண்டும், யாரும் பெருக்காத மண்.

மியாவாக்கி முறையில் நெருக்கமாக நட்ட காடுகள் பதில் ஆகுமா என்றும் கேள்வி. பறவைக்கும் நிழலுக்கும் நல்லது. ஆனால் இந்த எருக்கு, பருப்புக்கீரை கோஷ்டி எல்லாம் வெயில் விரும்பிகள். மரம் மூடிக்கொண்டால் உள்ளே வராது, ஓரத்தில்தான் சுற்றும். என்னைக் கேட்டால் ஓரத்தில் பத்தடியை நடாமல், வெட்டாமல் அப்படியே விட்டுவிடலாம். கோட்டூர்புரம் மரப்பூங்காவில் எனக்கு அதிகம் தென்படுவதும் நடைபாதை ஓரத்துக் களைச்செடியில்தான்.

07-04-2024

புழுவைப் பெட்டியில் வைத்து வளர்ப்பது சரியா என்று போன வாரம் ஒரு சண்டை ஓடியது. நான் மூன்று வருஷம் வளர்த்தவன். பிளாஸ்டிக் டப்பா, மூடியில் துணி, தினம் புது இலை. வெளியே விட்டால் பத்தில் ஒன்று தேறுவதே அதிசயம், பல்லி, சிலந்தி, தையல்காரக் குருவி, எல்லாம் காத்திருக்கும். டப்பாவில் பத்துக்கு எட்டு தேறும். பெருமையாக இருக்கும்.

ஒரு தடவை கூடு திறக்கவேண்டிய நாளில் திறக்கவில்லை. பக்கவாட்டில் ஊசி முனை அளவு ஓட்டை. டப்பா முழுக்க, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற குளவிக் குஞ்சுகள். எண்ணினேன், 60-க்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் டப்பாவை வெந்நீரில் போட்டேன். இப்போது யோசித்தால், மாடியில் ஒரு கூட்டுப்புழுவை நம்பி அறுபது குளவி பிழைக்கிற அளவுக்கு இடம் தேறியிருக்கிறது, அதைக் கொண்டாடாமல் வெந்நீர் ஊற்றியிருக்கிறேன்.

இப்போது டப்பா இல்லை. கொசுப்புகை வண்டி வருகிற சாயங்காலம் மட்டும் தொட்டியை உள்ளே இழுப்பேன். இதுவும் ஒருவகை டப்பாதானே என்று கேட்காதீர்கள்.

30-06-2024

இழையைத் தொடங்கியவர் ஒரு வருஷம் கழித்து வந்து ஒரே வரி போட்டிருக்கிறார்: "பெட்டூனியா போய்விட்டது, கறிவேப்பிலையில் ஐந்து புழு, புறா இன்னும் இருக்கிறது." புறாவுக்கு என்னிடம் மருந்தில்லை.

எங்கள் பக்கத்துச் செய்தி. மதில் ஓரத்து மூன்றடி மண்ணை இனிப் பெருக்க வேண்டாம், களை எடுக்க வேண்டாம் என்று அடுக்ககக் கூட்டத்தில் கேட்டேன். ஏழுக்கு நாலு என்று ஜெயித்தது. நிபந்தனை: ஓரத்தில் செங்கல் அடுக்கி எல்லை கட்ட வேண்டும், "வேணும்னே விட்டிருக்கோம்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்." நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. பருப்புக்கீரை தானாக வந்துவிட்டது.

எருக்குக்கு மட்டும் மாமி ஒத்துக்கொள்ளவில்லை. பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்றார், அது நிஜம், குழந்தைகள் கைக்கு எட்டாமல்தான் வைக்க வேண்டும். குடியிருக்கிற இடத்தில் எருக்கு முளைத்தால் வீடு பாழ் என்றும் சொன்னார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பின்மனை பாழாகக் கிடந்த வரைக்கும்தானே எருக்கு இருந்தது, ஒரு விதத்தில் அவர் கணக்கு சரி. கடைசியில் வாட்ச்மேன் அண்ணன் சமாதானம் செய்தார். "வெள்ளெருக்கு வைங்க சார், புள்ளையாருக்கு ஆகும்ல." மாமிக்கும் சம்மதம். வெந்தய வரியனுக்குப் பூ என்ன நிறமென்றால் என்ன? அடுத்த வாரமே விழுப்புரத்திலிருந்து வேரோடு மூன்றடிச் செடியைப் பஸ்ஸில் கொண்டுவந்து ஊன்றினார்.

25-08-2024

வெள்ளெருக்கில் மொட்டு. இலைக்கடியில் பார்த்தேன், முட்டை இல்லை.

01-09-2024

ஒரு வெந்தய வரியன். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. பெண். பத்து நிமிஷம் அந்த ஒரே செடியைச் சுற்றினாள். இலைக்கடியில் ஐந்து முட்டை, மொட்டுக் கொத்தில் இரண்டு. மொத்தம் ஏழு. எங்கிருந்து வந்தாள்? ஐந்நூறு மீட்டருக்குள் எருக்கு இருக்கிற இடம் எதுவும் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தெருத் தெருவாக நடந்து பார்க்கப் போகிறேன்.

07-09-2024

பிள்ளையார் சதுர்த்தி. காலையில் மாமி வீட்டுப் பிள்ளையார் கழுத்தில் வெள்ளெருக்கு மாலை. ஓடிப்போய்ச் செடியைப் பார்த்தேன். "இலையை ஒண்ணும் பண்ணலை, உங்க புழு இருக்கேன்னு பூவையும் மொட்டையும் மட்டும்தான் பறிச்சேன்" என்றார் மாமி. உண்மை, ஒரு இலைகூட ஒடியவில்லை. இலையில் நாலு குட்டிப் புழு இருக்கின்றன, ஐந்தாவதைக் காணோம். மொட்டில் இருந்த இரண்டும் மாலையோடு பிள்ளையாரிடம் போயிருக்க வேண்டும். கொழுக்கட்டை கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் கரைக்கப் போகும் முன் மாலையை ஒரு நிமிஷம் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.